பெடல் மேல் பழி

ஒருத்தர் மேல் எத்தனை வருஷம் வன்மம் வைத்திருக்க முடியும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் அவளிடம் போய்க் கேட்கலாம். மற்றவர்கள் கோபப்படுவார்கள், நாலு பேரிடம் சொல்லிப் புலம்புவார்கள், நல்லதாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பாதி மறந்திருக்கும். அவள் அந்த ரகம் இல்லை. தம்பியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட ஆளைக் கவிழ்க்க வேண்டும் என்பதற்காகவே உளவியல் படித்து, அதில் மேற்படிப்பும் முடித்து, அந்த ஆள் உட்கார்ந்திருந்த அதே அலுவலகத்தில், இரண்டு மேஜை தள்ளி வந்து உட்கார்ந்தவள். வாயில் 'சார்', மனசுக்குள் 'டேய்'. இப்படியே வருஷக்கணக்காக ஓட்டினாள்.

ரயில் ஓட்ட வருகிறவர்களின் மனசையும் கையையும் காலையும் சோதித்துப் பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஓட்டுநர் வேலை கேட்டு வருகிறவன் முதலில் எண் வரிசைக் கணக்குப் போட வேண்டும். ஒரு பக்கம் முழுக்க எறும்பு மாதிரி எழுத்து. அதில் கேட்ட எழுத்தை மட்டும் தேடித் தேடி அடிக்க வேண்டும். அது முடிந்தால் மரக்கட்டைகளை அடுக்க வேண்டும். அதற்கப்புறம் பாதியில் நிற்கும் வாக்கியங்கள். 'என் அப்பா...' என்று ஆரம்பித்து விட்டுவிடுவார்கள், மீதியை இவன் முடிக்க வேண்டும். மை கொட்டின தாளைக் காட்டி என்ன தெரிகிறது என்பார்கள். பாவம், மைதான் தெரிகிறது என்று சொன்னவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கில் ஆமாம்-இல்லை கேள்விகள் வேறு. 'எனக்குக் கோபமே வந்ததில்லை' என்பதற்கு ஆமாம் போட்டால் தீர்ந்தது கதை, பொய்யன் என்று குறித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் தாண்டினால் கடைசியில் மெஷின். சிவப்பு விளக்கு எரிந்தால் இடது கைப் பொத்தான், பச்சைக்கு வலது கைப் பொத்தான், மஞ்சளுக்கு நடுப் பொத்தான், மணி அடித்தால் காலடியில் இருக்கும் பெடல். எது எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் தட்ட வேண்டும், மிதிக்க வேண்டும். காகிதத்தில் சிங்கமாக இருந்தவர்கள் எல்லாம் இந்த மெஷின் முன்னால் பூனையானதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

தம்பி பூனை ஆகவில்லை. அவன் எல்லாவற்றையும் தாண்டி வந்தவன். சின்ன வயசிலிருந்து ரயில் என்றால் அவனுக்கு உயிர். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லுவான். மெஷினில் உட்கார்ந்து பாதி தாண்டியதும், மிதித்த பெடல் கீழே போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த மணிக்கு மிதிக்க அங்கே என்ன இருக்கிறது? சார், பெடல் திரும்ப மேல வரலை என்று சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த சோதனை அதிகாரி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பெடல் மேல பழி போடறவன் நாளைக்கு பிரேக் மேலயும் பழி போடுவான். ரயில் ஓட்டறவனுக்கு முதல்ல பொறுப்பு வேணும்."

அவ்வளவுதான். பொறுப்பில்லாதவர், மறுதேர்வு தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எதற்கெடுத்தாலும் பொறுப்பு, பொறுப்பு என்று பேசுவதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பொறுப்பு சார்.

தம்பி இப்போது ரயில் கழுவுகிற கொட்டகையில் வேலை பார்க்கிறான். நீளக் கம்பில் பஞ்சைக் கட்டி ஓட்டுநர் அறையின் முன்கண்ணாடியை வெளியில் நின்று துடைப்பான். உள்ளே உட்கார வேண்டிய பிள்ளை! வீட்டில் காலால் மிதித்துத் திறக்கிற குப்பைக்கூடை ஒன்று இருக்கிறது. அவன் ஒரு நாளும் அதை மிதித்ததில்லை. குனிந்து மூடியைக் கையால்தான் தூக்குவான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்தப் பெடலின் ஸ்பிரிங் ஒரு தடவை செத்துப்போச்சு, பொறுப்பு சாரே கூப்பிட்டுச் சொல்லி மாத்தச் சொன்னார் என்றார். எப்போது என்று நைசாகக் கேட்டாள். அவர் சொன்ன நாள், தம்பி தோற்றதற்கு மறுநாள் காலை. ஆக, அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்று மெஷினில் உட்கார்ந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சாருக்கு அவ்வளவு பொறுப்பு!

அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னாள். அதற்கப்புறமும் அவன் முகம் வாடும்போதெல்லாம் சொல்லுவாள். பெடல்தான்டா கெட்டிருந்தது, நீ பழி போடல, நடந்ததைத்தான் சொன்னே, அந்தாளு சொன்னது பொய் என்பாள். அவன் சின்னதாகச் சிரிப்பான். அந்த ஒரு பேச்சில்தான் அவன் நிமிர்ந்து நடக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்தால் மட்டும் போதுமா? அவர் குனிய வேண்டாமா?

அதற்கும் காலம் வந்தது. அலுவலகத்தின் தலைமைப் பதவி காலியானது. அடுத்து யார் என்றால் பொறுப்பு சார்தான், வேறு யார்? நாற்காலிக்குப் புது உறை கூடப் பார்த்து வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேலே புதிதாக வந்த இயக்குநர் ஒரு ஆணை போட்டார். ஊரையெல்லாம் சோதிக்கிற அலுவலகத்துக்குத் தலைமை ஏற்கிறவர் தானும் எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும், தவறினால் இனி யாரையும் சோதிக்கக் கூடாது என்பது ஆணை. சோதனை நடத்தத் தகுதியுள்ள இன்னொரு மூத்த அதிகாரி அங்கே ஒருத்திதான். அவள்தான்.

பொறுப்பு சார் கவலையே படவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்னையே யாருன்னு கேட்குமா என்று மெஷினைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்பது வேறு விஷயம்.

விஷயம் இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பொறுப்பு சாரின் விரல் மேஜையில் தாளம் போடும். இடது, இடது, வலது, நடு, அப்புறம் செருப்புக் காலால் ஒரு தட்டு. மீட்டிங்கிலும் இதே, ஃபோனில் பேசும்போதும் இதே. மற்றவர்கள் ஏதோ பழைய பாட்டு என்று நினைத்தார்கள். அவளுக்கு மட்டும் ஒரு நாள் பளிச்சென்று புரிந்தது. அது மெஷினின் விளக்கு வரிசை! மெஷினில் இரண்டு வரிசை உண்டு. பின்பக்கம் ஒரு சுவிட்சைத் திருப்பினால் இரண்டாவது வரும். எதை வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் விதி. ஆனால் முதல் வரிசையின் விடைதான் சோதிக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் அந்த சுவிட்சை யாரும் தொட்டதே இல்லை. தூசி படிந்து கிடந்தது. வருஷக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அந்த முதல் வரிசை அவர் நரம்பிலேயே ஏறிவிட்டது. அது ஏறியிருப்பது அவருக்கே தெரியாது.

சோதனை நாளில் காகிதப் பரீட்சைகளை எல்லாம் பொறுப்பு சார் ஊதித் தள்ளினார். மைத்தாளில் வண்ணத்துப்பூச்சி பார்த்தார். 'என் அப்பா' என்ற வாக்கியத்தை மரியாதையாக முடித்தார். எனக்கு எப்போதாவது கோபம் வரும் என்று அடக்கமாக ஒப்புக்கொண்டார். எங்கே எந்தப் பொறி இருக்கிறது என்று தெரிந்த எலி எப்படிச் சிக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாள். நேர்மை என்றால் நேர்மை. அதில் ஒரு குறை யாரும் சொல்லக் கூடாது.

மெஷின் அறையில் அவர் வந்து உட்காருவதற்கு முன்னால் பின்பக்கம் கையை விட்டாள். சுவிட்ச் லேசில் அசையவில்லை. கட்டை விரலால் அழுத்தித் திருப்பினாள்.

முதல் விளக்கு பச்சை. அவர் இடது கை தட்டிவிட்டது. அடுத்து மணி. கால் அசையவில்லை, இடது கைதான் திரும்பவும் தட்டியது. மஞ்சளுக்கு வலது கை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. சுதாரித்துக்கொண்டு விளக்கைப் பார்த்துத் தட்டப் பார்த்தார். அதற்குள் விரல் முந்திக்கொண்டது. கண் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய, கால் தன் பாட்டுக்கு மிதித்தது. நெற்றியில் வியர்வை. அவளுக்கோ உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. ஒவ்வொரு தப்புக்கும் தம்பி ஒரு கண்ணாடி துடைத்த கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை, பொய் சொல்வானேன்.

மெஷின் நின்றது. பொறுப்பு சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரிசை மாறியிருக்கும்மா. பழைய வரிசை கைலயே ஊறிப்போச்சு, அதான். ஒரு மணி நேரம் குடு, பழகிட்டு வந்து திரும்ப உக்கார்றேன். இது என் தகுதி இல்லம்மா, பழக்கம். உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒரு மணி நேரம் கொடுத்தால் தேறிவிடுவார். அதுவும் தெரியும். இத்தனை வருஷம் நாக்கின் அடியில் வைத்திருந்ததை எடுத்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் முன்னால் வைத்தாள்.

"விளக்கு மேல பழி போடறவர் நாளைக்கு பிரேக் மேலயும் பழி போடுவார் சார். முதல்ல பொறுப்பு வேணும்."

அது தன் வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! என் தம்பிகிட்ட சொன்னீங்களே என்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். எந்தத் தம்பி என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் போயிற்று. சாதனத்தின் மேல் பழி போடுகிறார், பொறுப்பில்லாதவர், மறுதேர்வு தேவையில்லை என்று அவர் கண் முன்னாலேயே எழுதினாள். கையெழுத்தை அழுத்திப் போட்டாள். தலைமை நாற்காலி கிடையாது, இனி யாரையும் சோதிக்கவும் முடியாது, பழைய காகிதங்கள் அடுக்கியிருக்கும் அறைக்குத்தான் மாற்றல். அவர் எழுந்து போகும்போது கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றதைக்கூட அவள் ரசித்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் இனிப்பு வாங்கிக்கொண்டாள். தம்பி கொட்டகையிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். நாள் பூராவும் ஈரத்தில் கிடந்த விரல்கள் சுருங்கிப்போயிருந்தன. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள். பொறுப்பு சார் எப்படி உட்கார்ந்தார், பச்சைக்கு எப்படி இடது கையால் தட்டினார் என்று நடித்தே காட்டினாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்! அந்த உற்சாகத்தில், தான் சொன்ன வாக்கியத்தையும் அதே குரலில் சொல்லிக் காட்டினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

தம்பியின் சிரிப்பு நின்றது.

வரிசை மாறினதாலதான் அவருக்குத் தப்பு வந்துச்சா என்று கேட்டான். பின்னே, அதுக்குத்தானே மாத்தினேன் என்றாள்.

"அப்போ அவர் பழி போடலையே அக்கா. நடந்ததைத்தானே சொன்னார்."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தாளு உனக்குப் பண்ணினதை மறந்துட்டியா, யாருக்காக நான் இவ்வளவும் பண்ணினேன் என்று படபடத்தாள். தம்பி கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மறக்கல. நானும் அன்னிக்கு நடந்ததைத்தான் சொன்னேன். அது பழி இல்லன்னு இந்த உலகத்துல நீ ஒருத்திதான் சொல்லிட்டிருந்தே. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் தினமும் வேலைக்குப் போயிட்டு வரேன். இன்னிக்கு நீயும் அவர் வாக்கியத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டியே."

மீதிச் சோற்றைக் கொட்டுவதற்காக எழுந்து, குனிந்து, கூடையின் மூடியைக் கையால் தூக்கினான். அந்தாளு சொன்னது பொய்டா என்று எப்போதும் சொல்வதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். இனி அதை அவள் சொன்னால் அவன் எப்படி நம்புவான்? அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.