மூடியில் விழுந்த வானம்

துப்பட்டாவைச் சுருட்டி ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தித் துடைத்தாள் சுகன்யா. துடைக்கத் துடைக்க மூடி பளபளத்ததே தவிர, உள்ளே கிடந்த அப்பாவின் முகம் வெளியே வரவில்லை.

“இப்பத் தெரியுதா ண்ணா?”

செல்போனுக்குள் அன்பரசு உதட்டைப் பிதுக்கினான். “பந்தல் தெரியுது, வானம் தெரியுது, உன்ற மூஞ்சி தெரியுது. அப்பாவத்தான் காணோம்.”

ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போனவன். அப்பா அங்கமுத்து மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சேதி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறியிருந்தான். மாறவேண்டிய விமானம் தவறிவிட்டது. இப்போது அடிஸ் அபாபாவில் அடுத்த விமானத்தின் வரிசையில் நிற்கிறான். வந்து சேர நாளைக்கு ஆகிவிடும். உச்சிப்பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவன் வானத்தில் இருக்கும்போது அப்பா மண்ணுக்குள் போய்விடுவார். பார்ப்பதென்றால் இப்போதுதான். இல்லையென்றால் இல்லைதான்.

மூடியைத் திறந்து காட்டினால் தீர்ந்தது. ஆனால் பெட்டி கொண்டுவந்த பூபதி, வந்தவர்களெல்லாம் மூடியைத் தூக்கித் தூக்கி அழுததைப் பார்த்துக் கடுப்பாகி, “இப்பிடித் தொறந்தா கூலிங் எப்பிடீங்க நிக்கும்?” என்று பூட்டைப் போட்டு, சாவியோடு பள்ளிபாளையத்துக்கு இன்னொரு பெட்டி இறக்கப் போய்விட்டான்.

“பூட்ட ஒடைச்சரலாமா?” என்றாள் சுகன்யா.

“வேண்டாஞ் சாமி. கல்லுப் பட்டு மூடி செதறுச்சுன்னா அவரு மூஞ்சியிலதான் உழுகும்,” என்றாள் அம்மா சின்னாயி. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

அத்தை அத்தாயி பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். “பாத்தியா? புருசன் போயி இத்தன நேரமாச்சு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா?”

டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தாயிற்று. பெட்ஷீட்டை விரித்து மறைத்தால், மூடியில் பெட்ஷீட்டின் பூக்கள் பூத்தன. செல்லை மூடியோடு ஒட்டவைத்தால் பாதி மூக்கும் திருநீறும் மட்டும் நிழலாகத் தெரிந்தன. “முழுசாக் காட்டு புள்ள,” என்று கெஞ்சினான் அண்ணன். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் எதையோ அறிவித்தது. “வரிசை நகருது சுகன்யா!”

அப்போதுதான் கண்ணுசாமி வந்தார். அப்பாவோடு ஒரே லாரியில் வருடக்கணக்காக மாற்றி மாற்றி ஸ்டியரிங் பிடித்தவர். ஹூப்ளியில் லோடு இறக்கிய கையோடு நேராக வந்திருந்தார். கையில் மாலை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

“எழவு ஊட்டுக்கு வர்ற சோக்கப் பாரு. கூலிங்கிளாசு!” என்றாள் அத்தாயி, இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அவர் காதில் எதுவும் விழவில்லை. கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டுக் குனிந்தார்.

“ஏண்டா அங்கமுத்து, மீசைக்கு மை வெக்காம வண்டியில ஏற மாட்டியேடா. இன்னைக்கு இப்பிடி நரைச்சுக் கெடக்கற…”

சுகன்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மாமா! உங்களுக்கு மீசை தெரியுதுங்களா?”

“தெரியாம என்ன சாமி?” கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியவர், மறுபடி குனிந்து திடுக்கிட்டார். “அட! எங்கடா போயிட்டான்?”

“அது என்ன கண்ணாடிங்க மாமா?”

“ரோட்டுக்கு வாங்குனது. மழ பேஞ்ச ரோட்டுல எதிர்வெயிலு பளீர்னு அடிக்குமல்ல, அத மட்டும் உள்ள உடாது…”

அவர் முடிப்பதற்குள் கண்ணாடி அவள் கைக்குப் போயிருந்தது. காதில் மாட்டும் காம்பு மறைக்கிறதே என்று அதைச் செங்குத்தாகத் திருப்பி செல் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். வானம் அப்படியே கிடந்தது. போச்சு! பதற்றத்தில் விரல் வழுக்கி, கண்ணில் மாட்டுகிற வாக்குக்கே கண்ணாடி திரும்பியது.

சுவிட்சைத் தட்டியது போல வானம் அணைந்தது.

பந்தல் போனது. தலைகள் போயின. மூடி என்று ஒன்று இருப்பதே போனது. அப்பா கிடந்தார், கைக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிய.

மூடியில் பட்டுச் சாய்வாகத் திரும்புகிற வெளிச்சம் பெரும்பாலும் படுத்தவாக்கில் அதிர்ந்துகொண்டு வரும். முகத்திலிருந்து மூடியைத் துளைத்து வருகிற வெளிச்சத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. படுத்து வருவதை வடிகட்டி நிறுத்தும் கண்ணாடி அது. இதெல்லாம் சுகன்யாவுக்கு அப்போது தெரியாது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.



“கன்னத்துல என்ன கீறலு?” என்றான் அண்ணன்.

“அம்மாதான் சவரம் பண்ணி உட்டுச்சு ண்ணா. பிளேடு வழுக்கிருச்சு.”

“ம்.” அவன் முகம் திரையை விட்டு விலகி, சிவந்து திரும்பி வந்தது. “அம்மாகிட்டக் குடு.”

சின்னாயி செல்லை வாங்கினாள். “சாப்ட்டியா?”

“ஆச்சும்மா.”

“பாத்துட்டியல்ல? போயி ஏறு. இந்த வண்டியையும் உட்டுராத.”

திரை இருண்டது. கண்ணுசாமி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

சுகன்யா அந்தக் கண்ணாடியைத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள். அப்பாவை இன்னொரு தடவை பார்க்கத்தான். பார்த்தவள் திகைத்துப்போனாள். வெறும் பிளாஸ்டிக் மூடி. ஆனால் திருகாணி இறுக்கிப் பிடித்த மூலைகளிலெல்லாம் மயில் கழுத்து நிறத்தில் வளையங்கள். பச்சை, ஊதா, செம்பு. அத்தாயி ஒப்பாரி வைத்தபடி மூடியில் சாய, அவள் முழங்கைக்கு அடியில் வளையங்கள் புரண்டு இடம் மாறின. எழுந்ததும் பழையபடி அடங்கின. எங்கெங்கே பாரம் விழுகிறதோ அங்கங்கே நிறம்.

அம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேராக மூடியின் மேல் ஒரு கையை வைத்தாள். சும்மா வைத்த மாதிரிதான் இருந்தது.

“ஏனுங்ண்ணா, காப்பித்தண்ணி குடிச்சீங்களா? வண்டி ஓட்டுன கையோட வந்துருக்கறீங்க,” என்று கண்ணுசாமியைக் கேட்டாள்.

சுகன்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். அம்மாவின் கை, அவ்வளவுதான். மறுபடி கண்ணுக்கு இறக்கினாள். அந்த ஐந்து விரல்களைச் சுற்றியும் நிறங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிளம்பி, அப்பாவின் நெற்றியைத் தாண்டி, மார்பைத் தாண்டி, மூடியின் கடைசி மூலைவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன.