பதினொரு கேள்விக்கு ஒரே பதில்

"துணையாள் தேவையில்லை" என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் போட்டிருந்தது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, இடது கையும் நடுங்கும். சட்டை மாட்டிவிட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக எல்லாவற்றுக்கும் நான்தான். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். துணையாள் உதவித்தொகை வந்தால் பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணையாக உட்கார வைக்கலாம். அதற்குத்தான் இத்தனை அலைச்சலும்.

அவரையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தாம்மா எழுதியிருக்கோம். சட்டை போடுவீங்களா? 'சமாளிச்சுக்குவேன்.' குளிப்பீங்களா? 'சமாளிச்சுக்குவேன்.' பதினொரு கேள்விக்கும் இதே பதில்தான்."

 விசாரணைக்கு வந்த அன்று என்னை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் அவரிடம் கேட்டார்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். பிரேக் சரியில்லாத வண்டியைக் கொடுத்தாலும், காய்ச்சலோடு இரட்டை டூட்டி பார்க்கச் சொன்னாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தர் எதிரே உட்கார்ந்து, தனியாகக் கழுவிக்கொள்வீர்களா என்று கேட்டால் மானமுள்ள மனுஷன் வேறு என்ன சொல்வான்? படிவத்தில் முடியும், முடியாது என்று இரண்டே கட்டம். முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள்தான் சமாளிச்சுக்குவேன் என்கிறார்கள். இதுகூடவா இவர்களுக்குத் தெரியாது?

"ஏங்க, உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். "ஏதோ சமாளிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்."

அவ்வளவுதான். குனிந்து, அவர் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை கழற்றிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பப் போடச் சொல்லுங்க மேடம். நீங்களே பாத்து எழுதிக்குங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா."

"கேக்குறதுக்குக் கூசல, பாக்குறதுக்கு மட்டும் கூசுதா?"

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பிறகு இடது கையைத் தூக்கினார். பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. இத்தனை நாளும் அவர் ஒரு டம்ளரைத் தானாகத் தூக்கினால்கூடப் பூரித்துப் போனவள் நான். இப்போது, பொத்தானைப் போட்டுவிடக் கூடாது, போட்டுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

பல்லைக் கடித்துக்கொண்டு, தாடையால் துணியை அழுத்திப் பிடித்து, கழுத்துப் பொத்தானை ஓட்டைக்குள் தள்ளிவிட்டார். ஒரே ஒரு பொத்தான், அதுவும் தப்பான ஓட்டையில். மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. அதிகாரியின் பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது.