சுரண்டப்பட்ட முகம்

திரையில் அந்த நாணயம் வண்டிச் சக்கரம் அளவுக்குத் தெரிந்தபோதுதான், கடைசி வரிசையில் ராதோய் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன்.

லோம் நகர வாசகசாலையில் நாணயம் சேர்ப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுவோம். ரோமானியப் பேரரசர்கள் நாணயத்தின் வழியே மக்களிடம் என்ன சொன்னார்கள் என்பது அன்று என் பேச்சு. அவனைப் பார்த்த பிறகும் பேச்சைப் பாதியில் நிறுத்த முடியவில்லை.

"இது அண்ணன் கரகல்லா. எதிர்ல இருந்தது தம்பி, அவன் பேரு கெத்தா. நாங்க ஒத்துமையா இருக்கோம்னு ஊருக்குச் சொல்லத்தான் ரெண்டு முகம். அப்பா செத்து வருஷம் திரும்பல, அண்ணன் தம்பியக் கொன்னுட்டான். அவன் முகம் எங்கயும் இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. உளியால சுரண்டியிருக்காங்க பாருங்க. இந்தக் காயம்தான் இதோட மதிப்பே."

மூன்று வருடங்களுக்கு முன், உழுத நிலத்தில் கிடைத்ததென்று டிராக்டர் ஓட்டும் ராதோய் அதை என் மருந்துக்கடைக்குக் கொண்டுவந்தான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "யாரோ கெடுத்துட்டாங்கப்பா, இது எதுக்கும் ஆகாது" என்றேன். பதிலுக்கு என்னிடம் நாலைந்து இருந்த வகையில் பளபளப்பான வெள்ளிக்காசு ஒன்றைக் கொடுத்தேன். அவன் இரண்டு முறை நன்றி சொன்னான். அவன் போனதும் கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் ராதோய் மேடைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"மெத்தோதி அண்ணே, இது நான் கொண்டாந்ததுதானே?"

"ஆமா."

கையில் வாங்கி, முகம் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். "கொன்னது போதாதுன்னு இதையும் செஞ்சானா, பாவி!" பிறகு நிமிர்ந்தான். "உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தேன்.

"தெரியாதுப்பா. அப்புறம் படிச்சுத்தான்..."

அவன் முகம் மலர்ந்தது. "அதத்தான் நானும் சொன்னேன். நீங்க இந்தக் காசப் பத்திப் பேசப்போறீங்கன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து பென்காதான் நம்ப மாட்டேங்குறா. அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லன்னு அவகிட்ட சண்டையே போட்டேன்." நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். "பத்திரமா வச்சுக்கோங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். மழை விட்டிருந்தது. அவன் மனைவி பென்கா டிராக்டரின் நனைந்த இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராதோய் அவளிடம் கைகளை ஆட்டி, சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னான். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, ஈரத்துணியோடு ஜன்னலைப் பார்த்தாள்.