கதவோரத்து மாப்பிள்ளை

வியாழக்கிழமை பிற்பகல் அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் முனையில் வீட்டுக்காரர் குஸ்தா. அடுப்பருகே அவர் மனைவி ஸ்தீனா. சன்னலோரத் தறியில் முதுகைக் காட்டியபடி மகள் லொவீசா. வழிப்போக்கர்களும் பிச்சைக்காரர்களும் உட்காரும் கதவோர பெஞ்சில், துருக்கிப் போரிலிருந்து போன வாரம் பின்லாந்து திரும்பிய தாவெத்தி. காப்பி கொதித்துக்கொண்டிருந்தது; அவனுக்கு யாரும் ஊற்றவில்லை.

ஞாயிறன்று தேவாலய வாசல் நெரிசலில், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் என்பதற்கு அடையாளமாக லொவீசாவின் இடுப்பில் தொங்கிய வெற்று உறைக்குள் தாவெத்தி தன் கத்தியைச் செருகியிருந்தான். ஊர் வழக்கப்படி, அவள் அதை ஒரு வாரம் வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பிவிட்டால் இல்லை, ஏன் என்று கேட்கவும் கூடாது. திங்கள் விடிந்தபோது கத்தி அவன் வாசல் கம்பத்தில் குத்தி நின்றது. இன்று காலை, இன்னும் ஆறு வருஷம் பட்டாளத்திலேயே கிடக்கிறேன் என்று கேப்டனுக்கு எழுதித் தபால் வண்டியில் போட்டுவிட்டான். அப்புறமும் கால் கேட்காமல் இங்கே இழுத்து வந்தது.

"என்ன குத்தம்னு மட்டும் சொல்லிடுங்க ஐயா. போயிடறேன்."

தறி நின்றது. "குடுத்ததை வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உருவிக்கிட்ட ஆளு எதுக்கு வந்திருக்காராம், கேளும்மா."

"உருவினேனா? நீதானே கம்பத்துல குத்திட்டுப் போனே!"

"நானா? வந்து பாத்தா உறை காலி. நாலு நாளா என் தலையணை காயல, தெரியுமா?"

ஸ்தீனா கரண்டியைக் கீழே வைத்தாள். "மணியடிக்கிற ஹெர்மன்னி கோயில் படியில கத்தி ஒண்ணு கெடந்துச்சுன்னாரே. புடியில இருந்த எழுத்தைப் பாத்து உடையவன் வீட்டுக்குக் கொண்டுபோனாராம், அது இவன்னு எனக்குத் தோணல. எல்லாரும் தூங்கறாங்கன்னு கம்பத்துல குத்திட்டு வந்துட்டாராம்."

"எங்கே, அந்தக் கத்திய எடு," என்றார் குஸ்தா.

பல்கேரியாவில் வாங்கியது. அரிவாள்போல வளைந்திருந்தது.

"அட மடையா! நேர் உறையில இதைச் செருகினா நாலு எட்டு வைக்கறதுக்குள்ள விழுந்துடாதா? மூளையத் துருக்கிக்காரன்கிட்டயே குடுத்துட்டு வந்தியா?"

லொவீசா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. கேப்டனுக்குப் போட்ட கடிதத்தைச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது.

"வண்டி எப்பப் போச்சு?"

"எட்டு மணிக்கு."

"அப்பா, குதிரையப் பூட்டுங்க!" தாவெத்தியிடம் திரும்பினாள். "நீங்க இன்னொரு கடுதாசி எழுதுங்க."

முந்தைய கடிதம் புத்தி கலங்கியபோது எழுதியது, கிழித்துப்போடவும் என்று எழுதினான்.

"கல்யாணம் ஆகப்போகுதுன்னும் எழுதுங்க."

"ஆகப்போகுதா?"

"இப்ப அதைக் கேக்கற நேரமா? எழுதுங்க!"

அரக்கு ஆறுவதற்குள் குஸ்தா கடிதத்தைப் பறித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் கடிதம் ஏழு மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.