செத்த வைரஸ் என்றார்கள்

றஸீன் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம்கூட ஓதவில்லை, அதற்குள் ஊராரின் முறைப்பாட்டுக்குப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். குறிஞ்சிப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரில் செங்கமாரி என்னும் மஞ்சள்காமாலை வைரஸின் எச்சம் பரிசோதனையில் அகப்பட்டது உண்மைதானாம். ஆனால் தங்கள் மலக்குழியில் குளோரின் போடுவதால் அது செத்த வைரஸாம், யாரையும் ஒன்றும் செய்யாதாம்.

அக்கீலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. றஸீன் அவளுடைய அக்கா, ஸுஹைரா ராத்தாவின் கணவன். மிளகாய்த் தோட்டத்தில் நின்றபடி அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவன். ஈரல் கெட்டு, கண் மஞ்சளித்துப் போய்ச் சேர்ந்தான். அக்கீலா கொழும்பில் வைரஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள்.

“செத்ததா இல்லையா எண்டு வளர்த்துப் பார்ப்பம்,” என்றாள் மேலதிகாரி பீற்றரிடம்.

கிணற்று நீரையும், ஹோட்டல் மதிலுக்குப் பின்னால் கசிந்த கழிவுநீரையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தூரத்துக் கிணறு ஒன்றின் நீரையும் குரங்குச் சிறுநீரக உயிர்க்கலங்களில் தனித்தனியே இட்டாள். நாட்கள் போயும் கலங்கள் வாடவில்லை.

“எல்லாம் நல்லாத்தானே இருக்கு. விடுங்க அக்கீலா. மேலிடத்தில இருந்து கதைக்கிறாங்க,” என்றார் பீற்றர்.

“இந்த வைரஸ் கலத்தைக் கொல்லாமலே உள்ளுக்க பெருகும். இது உங்களுக்குத் தெரியாததா சேர்?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

வாரக்கணக்கில் காத்திருந்து, வைரஸில் மட்டும் ஒட்டும் சாயத்தை ஊற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். கிணற்று நீர் இட்ட கலங்களிலும் கழிவுநீர் இட்ட கலங்களிலும் பச்சைத் திட்டுக்கள் ஒளிர்ந்தன. தூரத்துக் கிணற்று நீர் இட்டவை இருண்டு கிடந்தன. அடுத்தடுத்த வாரங்களில் படிப்படியாக ஐதாக்கி எண்ணியபோது திட்டுக்கள் பெருகிக்கொண்டே போயின. செத்தது பெருகுமா?

பிரதேச செயலகக் கூட்டத்தில் அவள் இதைச் சொல்லி முடித்ததும், அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“சரி, கிணத்தை மூடுவம். ஹோட்டலுக்குக் கொஞ்சம் காலம் குடுப்பம். சீசன் நேரம்.”

“நஞ்சை ஊத்தினவனுக்குக் காலம், குடிச்சவங்களுக்குத் தண்டனையா?” என்றாள் அக்கீலா.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்திருந்த ஸுஹைரா எழுந்தாள்.

“எங்கட மனிசனுக்கு அந்த நோய் காலம் குடுத்துதா சேர்?”

அதிகாரி கோப்பை மூடினார். வந்திருந்த ஊர்ப் பெண்கள் அங்கிருந்து நேரே ஹோட்டல் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகளின் வாகனம் எதுவும் உள்ளே போக முடியவில்லை. மறுநாள் மாலை ஹோட்டல்காரர்களே மலக்குழியை வெறுமையாக்கி, ஹோட்டலைப் பூட்டினார்கள். யார் மீதும் வழக்குப் போடவில்லை. வாசலில், திருத்த வேலைக்காக மூடப்பட்டுள்ளது என்று ஒரு பலகை தொங்கியது.

ஸுஹைரா அதை நின்று வாசித்தாள்.

“செய்த குத்தத்துக்குத் திருத்த வேலை எண்டா பேர்?” என்றாள் தங்கையிடம்.