'வுட்' இறந்தகாலம்

1

இந்தக் கதையில் உண்மையாக என் காதில் விழுந்தது ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓர் உணவகத்தில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "'வில்'லுக்கு இறந்தகாலம்தான்டி 'வுட்'. அப்படிக் கேட்டா சிரிப்பாங்க."

திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்க்கவில்லை. ஆகவே முகம், வேலை, வயிற்றெரிச்சல் எல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆங்கிலம் என்பது வெறும் மொழியல்ல, அது ஒரு" — கட்டுரை வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.

2

அந்த வரியைத் தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுத்தவளை முதலில் டீச்சராக்கினேன். டீச்சர் என்றால் அது பெரிய குற்றமாகிவிடுகிறது. எனக்கு அது நீங்களும் நானும் செய்யக்கூடிய அளவில் வேண்டும். அதனால் அவள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரிலுள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்பது அவள் வேலை.

தோழி நர்ஸ். பள்ளியிலிருந்தே சிநேகிதம். அப்போது ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் கண்ணாடிக் கடைக்காரிக்கு. நர்ஸ் அவளைப் பார்த்து எழுதித் தேறியவள். ஆனால் திங்கட்கிழமை காலை, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று வீடியோவில் நேர்காணல் செய்யப்போவது நர்ஸைத்தான்.

"நாளைக்கு இன்டர்வியூ. வா, வெளியில போய் சாப்பிட்டுக்கிட்டே இங்கிலீஷ்ல மட்டும் பேசலாம். தப்பு பண்ணினா நீதான் திருத்தணும்" என்று கூப்பிட்டாள்.

(குறிப்பு: திருத்தச் சொன்னது நர்ஸ்தான். இதை மறந்துவிடாதீர்கள். கண்ணாடிக் கடைக்காரி மறக்கவில்லை.)

3

உணவகத்தில் திருத்துவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஜன்னலோர மேசை கிடைக்குமா என்று நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். கிடைத்தது. சூப்பில் வெண்ணெய் உண்டா, மீனை எண்ணெயில்லாமல் சுடமுடியுமா என்று கேட்டாள். வெயிட்டர் குனிந்து வேகமாக ஏதோ சொன்னார். நர்ஸ் கலகலவென்று சிரித்தாள். கண்ணாடிக் கடைக்காரியும் சிரித்தாள், ஒரு நொடி தள்ளி.

(அவர் சொன்ன ஜோக் என்ன என்று கேட்காதீர்கள். நான் இவள் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இவளுக்குப் புரியாதது எனக்கும் புரியாது.)

"எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"நோ தமிழ்!" என்று நர்ஸ் விரலை ஆட்டினாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்: "நைட் டியூட்டியில ஒரு வயசான அம்மா, இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவாங்க. ஒரு வருஷமா அவங்ககூடவே பேசிக்கிட்டு இருந்தேன்."

கண்ணாடிக் கடைக்காரிக்குள் அப்போது என்ன நடந்தது? "பொறாமைத் தீ" என்று எழுதி அடித்துவிட்டேன். தீயெல்லாம் இல்லை. செருப்புக்குள் சின்னக் கல் புகுந்த மாதிரிதான். நடக்கலாம், ஆனால் நடை முழுக்க அதே நினைப்பு. ஒரு வருஷம் தன்னிடம் பேசாத பேச்சை எவளோ ஒரு கிழவியிடம் பேசியிருக்கிறாள். பேசிப்பேசி, ஊரைவிட்டே போகவும் தயாராகிவிட்டாள்.

4

நர்ஸ் வெயிட்டரைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினாள். "ஐ வுட் லைக் சம் வாட்டர், ப்ளீஸ்."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும், நான் கேட்ட அந்த வரி வந்தது.

"'வில்'லுக்கு இறந்தகாலம்தான்டி 'வுட்'. அப்படிக் கேட்டா சிரிப்பாங்க."

"அப்புறம் எப்படிக் கேக்கணும்?"

"'ஐ வான்ட் வாட்டர்'. அவ்வளவுதான். நாளைக்கும் சுத்தி வளைக்காத. நேரா பேசு."

நர்ஸ் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயிட்டர் ஒரே ஒரு தம்ளருடன் வந்தபோது, இவளுக்கும் ஒன்று வேண்டுமென்று, "ஐ வான்ட் வாட்டர்" என்றாள். வெயிட்டரின் முகத்திலிருந்த சிரிப்பு மடிந்து உள்ளே போனது. தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கடைக்காரி அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஜில்லென்று நன்றாக இருந்தது.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

நர்ஸ் நேர்காணலில் தோற்றுப்போகிறாள். (இது கதையில்லை, சாபம்.)

பஸ் நிறுத்தத்தில் கண்ணாடிக் கடைக்காரி உடைந்து அழுது உண்மையைச் — (இவள் அழுகிற ரகமில்லை.)

மனசு உறுத்தித் தூக்கமே வரவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பல்கூடத் தேய்க்காமல் போனை எடுத்தாள்.

6

"ஏய், நேத்து நான் சொன்னது தப்புடி. 'வுட் லைக்' தான் மரியாதை. நோயாளிகிட்டயும் அப்படித்தான் கேக்கணும். மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீ சொல்றப்பவே."

"அப்புறம் எதுக்குடி அந்தாளுகிட்ட அப்படிக் கேட்ட?"

"நீ சொன்னது தப்புன்னு உன் மூஞ்சிக்கு நேரா எப்படிடி காட்டுறது? ஒரு தம்ளர் தண்ணிதானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

நிம்மதி வந்தது என்று எழுதவே ஆசை. வரவில்லை. வந்தது இன்னொரு பங்கு பொறாமை. மொழியில் தோற்றது போதாதென்று, நல்ல மனசிலும் அவளிடம் தோற்கவேண்டுமா?

"சரி, கூப்பிடப் போறாங்க. பயமா இருக்குடி" என்றாள் நர்ஸ். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "நல்லா பண்ணுவேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

கண்ணாடிக் கடைக்காரி வாயைத் திறந்தாள்.

"நல்லா பண்ணுவ" என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது. "போகாத" என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் எழுதிய கை கூசியது. இவளை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு சிநேகிதி இருப்பாள். உங்களைவிட ஒரு படி மேலே போனவள். அவளை நினைத்துக்கொண்டு, இவள் சார்பில் நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். லைனில் காத்துக்கொண்டிருக்கிறாள்.