ஹனிசக்கிள் புதரும் என் தம்பியும்

நவம்பர் வந்தால் எங்கள் காட்டில் ஓக், ஹிக்கரி மரமெல்லாம் மொட்டையாகிவிடும். ஹனிசக்கிள் புதர் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும், துக்க வீட்டுக்குப் பகட்டாக உடுத்திக்கொண்டு வந்தவளைப்போல. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். என் தம்பி வெர்லினுக்கோ அந்தப் புதர் என்றால் உயிர்.

அமெரிக்காவில், மிஸ்ஸூரியில் அப்பா எங்கள் இருவர் பெயருக்கும் சேர்த்து எழுதிவைத்த காடு அது. ஒருவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் ஒரு மரத்தையும் தொடுவதில்லை. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அங்கே ஹனிசக்கிள் கிடையாது. எவரோ தம் வீட்டு வேலிக்கு அழகாக இருக்கட்டும் என்று நட்டிருக்கிறார்கள். பறவைகள் அதன் சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு வந்து எங்கள் ஓடைக்கரையில் எச்சமிட்டன. இப்போது சரிவில் பாதி அதன் கையில். ஆள் நிமிர்ந்து நுழைய முடியாது. மான்கள் குனிந்து போய்ப் போய்க் குகை மாதிரி வழி போட்டு வைத்திருக்கின்றன.

இதை வெட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வருஷமும் வெர்லின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சண்டை.

"அக்கா, மான் எங்க படுக்குது சொல்லு? அந்தப் புதருக்குள்ளதான? பக்கத்துக் காட்டு பர்டெட் மொத்தத்தையும் வெட்டித் தள்ளினான். இப்ப அவன் காட்டுல அணிலுதான் மேயுது. அவன் மானெல்லாம் நம்ம வீட்டு விருந்தாளி."

"படுக்குதுடா, யார் இல்லன்னா? படுத்து எந்திரிச்சு என்னத்தத் திங்குது? அந்தப் புதருக்கு அடியில ஒரே ஒரு ஓக் கன்னு காட்டு பாப்போம். புல்லுகூட இல்ல. அடுப்பங்கரைய இடிச்சுட்டு மானுக்குப் படுக்கையறை கட்டி வச்சிருக்க."

"அந்த இலையையே திங்குதே. மரத்துல கட்டி வச்ச கேமராவுல பாத்தேன்."

"பசிச்சா எதையும்தான் திங்கும். நீ ஃபே சமையலத் திங்கலையா?"

"நான் இங்கதான் அண்ணி நிக்கிறேன்," என்பாள் அவன் மனைவி ஃபே, அடுப்படியிலிருந்து. அத்தோடு அந்த வருஷத்துச் சண்டை முடியும். புதர் இன்னும் நாலடி முன்னால் வரும்.

வெர்லின் மோசமான வேட்டைக்காரன் இல்லை. ஆனால் மானின் மூக்கு என்றால் அவனுக்கு ஒரு பேய்பிடித்த பயம். வாசனையில்லாத சோப்பில்தான் குளியல். வேட்டை சீசன் நெருங்கினால் காபியைக்கூட விட்டுவிடுவான். ஆகஸ்ட் வெயிலில் அந்தக் குகை வழிகளில் நாலு காலில் தவழ்ந்துபோய்த் தனக்கு உட்கார இடம் செய்வான். அப்போதும் உண்ணி மருந்து அடித்துக்கொள்ள மாட்டான், அந்த நாற்றம் மண்ணில் தங்கிவிடுமாம். போதாததற்கு, வேட்டை உடுப்புகளை ஹனிசக்கிள் கிளைகளின் மேலேயே காயப் போடுவான், காட்டு வாசனை ஏறட்டும் என்று. மான் படுக்கும் இடத்தில்தான் உண்ணியும் காத்திருக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் வலியப் போய் அதற்குச் சட்டை காயப்போட்டான். இடுப்பைச் சுற்றி உண்ணியோடு வருவான்; ஃபே திட்டிக்கொண்டே இடுக்கியால் பிடுங்கிப் போடுவாள்; அவன் சிரிப்பான்.

அக்டோபரில் ஒரு நாள், மான் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பை வழக்கம்போல இரண்டு கிண்ணம் வழித்துச் சாப்பிட்டிருக்கிறான். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒரு வகை உண்ணி கடித்தால் சிலருக்கு இப்படி ஆகுமாம். மாடு, பன்றி, மான் எதுவும் இனி வாயில் வைக்கக்கூடாது. கோழி, வான்கோழி, மீன் பரவாயில்லை. எப்போதாவது சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

உயிர் பிழைத்தானே என்று நாங்கள் மூச்சுவிட்டோம். அவன் அதற்குள் வேறொன்றை யோசித்து முடித்திருந்தான்.

அடுத்த வாரம் ஃப்ரீசரில் இருந்த மான் கறி முழுவதையும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இந்தா, நீ சாப்புடு. அப்புறம், அந்தப் புதரையும் வெட்டிக்க. மொத்தமா வெட்டிக்க. எனக்கு இனி எதுக்கு?"

"என்னடா பேச்சு இது? சீசன் வருதுல்ல?"

"நான் வரல. அப்பா சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

மறக்குமா? சுட்டதை உன் தட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும், சாப்பிட முடியாததைச் சுடக்கூடாது. அப்பாவுக்கு வேதம் அது ஒன்றுதான். வெர்லின் சின்னப் பையனாக இருந்தபோது, கையில் கிடைத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு நீலப் பறவையைச் சுட்டுவிட்டான். விளையாட்டுக்குத்தான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அம்மாவிடம் கொடுத்து வறுக்கச் சொல்லி, அவன் தட்டில் வைத்து, தட்டு காலியாகும்வரை மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். தட்டு காலியானது. அதற்குப் பிறகு வெர்லின் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. இந்தக் கதையைச் சொல்லித்தான் அவன் பிள்ளைகளையும் வளர்த்தான்.

எத்தனையோ வருஷமாக நான் கேட்டது கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம்தானே வரவேண்டும்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்ணி மீது, புதர் மீது, எப்போதோ செத்துப்போன அப்பா மீது. என்னோடு சண்டை போட ஆளில்லாத காட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சீசனின் முதல் காலை தனியாகப் போனேன். எங்கள் இருவருக்கும் சரிவில் எதிரெதிரே இடம் உண்டு. எதிர்ப்பக்கம் அவனுடைய ஆரஞ்சு வேட்டைத் தொப்பி தெரியாதது, வாயில் ஒரு பல் விழுந்தது மாதிரி இருந்தது. கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிய பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு பெண்மான் வந்தது. வெட்டவெளியில் நின்று தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. சுட்டேன். சில அடி ஓடி விழுந்தது.

தனியாக இழுத்துப் போக என்னால் முடியும்தான். இருந்தாலும் போன் செய்தேன்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுடா. வந்து ஒரு கை குடு."

அவன் பதில் சொல்வதற்கு முன்னாலேயே வண்டிச் சாவியின் சத்தம் கேட்டது.

வந்தவனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகி டேப் சுற்றியிருந்தான். கையில் முழங்கைவரை ரப்பர் உறை. உண்ணி மருந்து நாற்றம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"என்னடா இது, மான் பக்கத்து மாவட்டத்துக்கே ஓடிரும் போலிருக்கே."

"ஓடட்டும். ஃபே இப்பிடித்தான் அனுப்புவேன்னுட்டா."

அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே மானைக் கீறினேன். குடலை வெளியே எடுத்தபோது அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து குனிந்தான்.

"அக்கா, கொழுப்பு எங்க?"

"நீயே பாரு."

"நவம்பர்ல கிட்னிய மூடிக் கெடக்கணுமே. வெறுங் கிட்னியா இருக்கு."

அந்த வருஷம் ஏப்ரல் பனியில் ஓக் பூக்கள் கருகி, மான் தின்று கொழுக்கும் கொட்டையே பிடிக்கவில்லை. நான் இரைப்பையைக் கிழித்துக் காட்டினேன். உள்ளே நிறையப் பச்சை மசியல். அரையாமல் கிடந்த ஓர் இலையை வெர்லின் உறை போட்ட விரலால் எடுத்து விரித்துப் பார்த்தான். ஹனிசக்கிள்.

"வயிறு முட்டத்தான் தின்னுருக்கு," என்றான். இலையைக் கீழே போட்டான். "முட்டத் தின்னும் ஒடம்புல ஒண்ணும் ஒட்டல. நான் பாத்தது வயித்த மட்டுந்தான்."

'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற வார்த்தை பல வருஷமாக என் நாக்கு நுனியில் காத்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"ஆனா படுத்தது அங்கதான்டா," என்றேன். "அதுல நீ சொன்னது சரி. எல்லாத்தையும் வெட்டினா நம்ம காடும் பர்டெட் காடாயிரும். இந்த வருஷம் மேல்பாதிய வெட்டுவோம். நாலஞ்சு சிடார் மரத்தச் சாய்ச்சு விடுவோம், மான் ஒதுங்க. ஓடைக்கரையில இருக்கறது அங்க கன்னு தலையெடுக்கறவரைக்கும் இருக்கட்டும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீயா பேசுற?"

"நான்தான். இன்னொண்ணும் சொல்றேன். உன் பேருக்கு இந்த சீசனுக்கு ஒரு மான் சுட அனுமதி இருக்கு. வந்து சுடு."

"சுட்டு? தட்டுல யாரு வச்சுத் திங்கறது?"

"நான்."

"அது கணக்குல வராதுக்கா. அப்பா இருந்தா..."

"அப்பா இருந்தப்பவே கணக்குல வந்துச்சுடா. நாய் குலைக்குதுன்னு அவரு எந்திரிச்சு வெளிய போனாரே, அப்ப உன் தட்டுல இருந்த பறவை எங்க போச்சு?"

இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பாதிதான் நீ தின்ன," என்றான் மெதுவாக.

"பாதியா! நீ ஒரு கால வாயில வச்சு அழுதுக்கிட்டிருந்த. மிச்சம் பூரா நான்தான் முழுங்கினேன். எலும்பு தொண்டையில சிக்கி உயிர் போச்சு. நீ சுட்டத நான் திங்கறது இது ஒண்ணும் புதுசில்ல."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். உறை முழுக்க மான் ரத்தம். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சாவணுமாடா உனக்கு?"

என் சட்டைக் கையால் நானே அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். சின்ன வயதிலும் மூக்கைச் சிந்தத் தெரியாதவன் அவன்.

அந்த வார இறுதியிலேயே வெட்டத் தொடங்கினோம். ஃபேயும் வந்தாள். நவம்பரில் அந்தப் புதரைத் தேட வேண்டியதே இல்லை. மொட்டைக் காட்டில் பச்சையாக நிற்பதெல்லாம் அதுதான். நான் ரம்பத்தால் அறுத்துக்கொண்டே போவேன். ஃபே பின்னாலேயே வந்து, மறுபடி துளிர்க்காதபடி அடிக்கட்டையில் மருந்து தடவுவாள். வெர்லின் கிளைகளை இழுத்துக் குவிப்பான். சரிவின் மேல்பாதியில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வெயில் தரையில் விழுந்தது. வெறும் மண். அங்கே ஓர் ஓக் கன்று கண்ணில் பட்டுவிடாதா என்று குனிந்து குனிந்து தேடினேன். இல்லை. அதற்கெல்லாம் நாளாகும்.

சீசன் முடியும் சமயத்தில், நாங்கள் விட்டுவைத்த ஓடைக்கரைப் புதரின் ஓரத்தில் வெர்லின் ஒரு பெண்மானைச் சுட்டான். எதிர்ச்சரிவில் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி எழுந்து நின்றதைப் பார்த்தபோது, என் இடத்திலிருந்தே கத்திவிட்டேன். கத்தியதற்கு அவன் என்னை அன்று பூராவும் திட்டினான், இருந்த மானெல்லாம் ஓடிப்போச்சாம். திட்டு கேட்க இனிமையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு மேசை. ஃபே முதுகுக்கறியைத் தனிச் சட்டியில் வறுத்து என் தட்டில் வைத்தாள். அவனுக்கு எதிரே வான்கோழி. அவன் தன் தட்டைத் தொடவில்லை. முதல் துண்டு என் வாய்க்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி இருக்கு?"

பொய் சொல்லலாம்தான். காட்டு விஷயத்தில் நாங்கள் இதுவரை பொய் சொல்லிக்கொண்டதில்லை.

"கொஞ்சம் காஞ்சாப்ல இருக்கு. மெல்லணும்."

"கொழுப்பில்ல."

"கொழுப்பில்ல. கன்னு மொளைக்கட்டும், பாப்போம்."

அவன் தலையாட்டினான். அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. சின்ன வயதில், வெளியே நாய் குலைத்துக்கொண்டிருந்தபோது, மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து என் வாயைப் பார்த்தானே, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டு, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டேன்.